மிஸி குடிக்காத தண்ணீர்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வேண்டாம் என்று சொல்வது லேசான காரியமில்லை. பெண் கேட்டு வந்தவர்களை வேண்டாம் என்று சொல்லலாம்; சாதகம் பொருந்தவில்லை என்று ஒரு சாட்டு எப்போதும் கைவசம் இருக்கிறது. தண்ணீருக்கு அப்படி ஒரு சாட்டும் கிடையாது. கொண்டுவந்து வைத்த தண்ணீரைத் தொடாமல் எழும்பிப் போகிறவர், உன் வீட்டில் நான் வாய் நனைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு அவரை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

மிஸி எந்த வீட்டிலும் தண்ணீர் குடிக்கமாட்டார்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த சுகாதாரத் தாதி அவர். தாதிகளை மிஸி என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். அவருடைய பெயரை நான் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. நாற்பதைத் தாண்டிய வயது, ஒடிசலான உடம்பு, கறுப்புக் குடை, பெண்கள் ஓடும் சைக்கிள். சைக்கிளின் முன்கூடையில் ஒரு சாராயப் போத்தல். போத்தலுக்குள் கொதித்தாறிய தண்ணீர். தடிப்பமான கண்ணாடி அதுதான், வேறு போத்தல் என்றால் வெடித்துவிடும் என்பார். சாராயப் போத்தலோடு திரிந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று ஒருமுறை கேட்டேன். "ஊர் நினைக்கிறதாலை எனக்கு வயித்தாலை போகாது" என்றார்.

நான் அப்போது சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சண்டையால் கரையோரக் கிராமங்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களை வகுப்பறைகளில் குடியேற்றியபின் எனக்குப் படிப்பிக்க இடமில்லாமல் போயிற்று. சும்மா இருந்து அம்மாவோடு கொழுவுவதைவிட மிஸிக்கு உதவியாகப் போகலாம் என்று கிளம்பினேன். உதவி என்பது பெரிய சொல். அவர் வீடு வீடாக ஏறி, கிணற்றை மூடு, கையைக் கழுவு, தண்ணீரைக் கொதிக்கவை என்று சொல்லிக்கொண்டு போவார். பின்னால் வருகிற நான் சனங்களின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

முதல் கோபம் எங்கள் வீட்டிலேயே தொடங்கியது. மிஸி வந்த அன்று அம்மா பனங்கட்டியோடு தேத்தண்ணீர் போட்டுப் பேணியில் கொண்டுவந்து வைத்தார். மிஸி பேணியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. தண்ணி கொதிச்சதோ, சூடாக்கினதோ?"

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. மண்ணெண்ணெய் கண்ணில் காணாத காலம், விறகும் அருமை. எல்லா வீட்டிலும் தண்ணீர் கைச்சூடு வந்ததும் இறக்கித் தேயிலையைப் போட்டுவிடுவார்கள். மிஸிக்கு அது தெரியும். தனக்கு வேண்டாம் என்று சொல்லிப் போத்தலை எடுத்துக் குடித்துவிட்டு, கிணற்றடியைப் பார்க்கப் போய்விட்டார். அம்மாவுக்கு ஒரு கிழமைக்கு வேலை கிடைத்தது. மிஸியின் ஊரான நல்லூரில் அவருடைய தகப்பன் வழி யார், தாய் வழி யார், எங்களைவிட எந்த விதத்தில் மேல் என்று விசாரித்து முடித்தார். ஒரு மிடறு தண்ணீரை வைத்து ஒரு மனிதரின் ஏழு தலைமுறையை அளக்கிற ஊர் எங்கள் ஊர்.

கல்வீட்டில் கேட்டால், மிஸிக்குத் தாங்கள் குறைவாம் என்றார்கள். ஓலைக் கொட்டிலில் கேட்டால், மிஸிக்குச் சாதித் தடிப்பு என்றார்கள். கல்வீட்டிலும் கொட்டிலிலும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார், ஒரே மாதிரித்தான் மறுத்தார். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தன் வாசலில் நடந்தது மட்டும்தான் தெரியும். எல்லா வாசலையும் கண்டவள் நான் ஒருத்தி. நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

மிஸிக்காகப் பரிந்து பேசுகிறேனே தவிர, அவரோடு திரிவது சுகமான வேலையில்லை. வாயைக் கட்டத் தெரியாது. சந்தியில் வெறியோடு நின்ற ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவர் கூடைக்குள் இருந்த போத்தலைக் கண்டுவிட்டு, எனக்கும் ஒரு மூடி ஊத்துங்கோ மிஸி என்று சைக்கிளை மறித்தார். வேறு யாராவது என்றால் சிரித்து மழுப்பிவிட்டுப் போயிருப்பார்கள். மிஸி இறங்கி, அவருடைய கண்ணிமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்து, வீங்கிய வயிற்றை ஒரு தட்டுத் தட்டினார். "உம்மடை ஈரல் உம்மை விட்டுட்டுப் போக வெளிக்கிட்டிட்டுது. நாளைக்கு கிளினிக்குக்கு வாரும்" என்று சந்தி முழுவதும் கேட்கச் சொன்னார். அவர் வரவில்லை. மிஸி அவருடைய வீட்டுக்குப் போனார். அவர் பின்வேலியால் ஓடினார். இது பல மாதம் நடந்தது. கடைசியில் குடியைக் குறைத்தாரா, வேலி பாய்வதற்காகவாவது தெளிவாக இருக்கவேண்டும் என்று நினைத்தாரா தெரியாது. ஆள் கொஞ்சக் காலம் கூடுதலாக உயிரோடு இருந்தார்.

செல்லடிக்கும் ஹெலிகொப்டருக்கும் மிஸி பயப்பட்டு நான் கண்டதில்லை. ஒருநாள் மானிப்பாய் வீதியில் ஹெலி தாழப் பறந்து சுட்டது. பக்கத்து வளவுக்குள் ஓடி, அந்த வீட்டாரின் பதுங்குகுழிக்குள் விழுந்தோம். மேலே அது சுற்றிச் சுற்றி வருகிறது. குழிக்குள் வெக்கை, மண், பிள்ளைகளின் அழுகை. அந்த வீட்டுப் பெண் பாவம், ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். செம்பு மிஸியிடம் வந்தது. "பிள்ளை, இது கொதிச்சதோ, சூடாக்கினதோ?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஹெலியை மறந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் பிடித்து ஏசினேன். உயிர் போகிற நேரத்திலும் இந்தக் கேள்வியா என்றேன். அவர் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"ஹெலி வந்தால் சத்தம் கேக்கும், ஓடலாம். இது சத்தம் போடாமல் வரும் ரீச்சர். நான் சரியான பயந்தாங்கொள்ளி."

பயம் என்று அவர் சொன்னதை அப்போது பகிடி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மாரிமழை விட்ட கையோடு செங்கமாரி, அதுதான் மஞ்சள் காமாலை, தொடங்கியது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல், மயிலிட்டிப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பங்கள் சில அருகிலிருந்த பனங்காணி ஒன்றில் கொட்டில் போட்டிருந்தன. காணிக்குள் ஒரு கிணறு. மலகூடத்துக்குக் குழிகளும் அங்கேயே வெட்டியிருந்தார்கள், வேறு இடம் ஏது? எங்கள் மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல், அதுவும் ஓட்டையும் பொத்தலும். மழைக்கு ஒரு குழி நிரம்பினால் பக்கத்துக் கிணற்றுக்குப் போய்ச் சேர அதற்கு வழி காட்டத் தேவையில்லை. முதலில் சில பெடியன்களுக்குக் கண் மஞ்சளானது. சாப்பாட்டைக் கண்டால் ஓங்காளித்தார்கள். பிறகு பெரியவர்கள்.

அந்தக் கிணற்றுக்கு மருந்து போட்டு மூடவேண்டும், அதில் குடிக்கத் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று மிஸி சொன்னார். அங்கே பெரியவராக இருந்தவர் சம்மாட்டியார். ஊரில் சொந்தமாக வள்ளங்கள் வைத்துத் தொழில் செய்தவர். கடலை விட்டு வந்து இரண்டு மாரி கழிந்திருந்தது. கரையில் நிற்கத் தெரியாத மனிதர் போல எப்போதும் பனைகளுக்கிடையில் நடந்துகொண்டிருப்பார். குடிக்கிற தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டார். ஒழுங்கைக்கு அப்பாலுள்ள கல்வீட்டுக் கிணற்றில் எடுக்கலாம் என்று மிஸி சொல்ல, அவர் சிரித்தார். அந்த வீட்டில் இவர்களைக் கயிறு தொடவிடுவதில்லை. வீட்டுக்காரரின் ஆள் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு தூர நிற்கவேண்டும். இந்தக் கிணற்றில்தான் அவர்கள் தங்கள் கையால் தண்ணீர் அள்ளினார்கள். அதைத்தான் மிஸி மூடு என்கிறார்.

மூடவில்லை. நாங்கள் கொண்டுபோன மருந்தைக் கிணற்றில் போடவும் விடவில்லை.

சில நாள் கழித்து, சம்மாட்டியாரின் மகள் ஜெசிந்தா படுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு ஓடினோம். அவள் நிறை வயிற்றுக்காரி. புருஷன் கொழும்பில் அகப்பட்டு, பாதை திறக்காமல் வரமுடியாதிருந்தான். மாதா படத்துக்குக் கீழே பாயில் கிடந்தாள். கண் மஞ்சள், நகக்கண் மஞ்சள். கீழ்காய்நெல்லி அரைத்து ஆட்டுப்பாலில் கொடுத்துப் பத்தியம் வைத்திருந்தார்கள். நாளைக்கு நாட்டுமருந்து பார்க்கிற பரியாரியார் வருவார் என்றாள் தாய்.

மிஸி அவள் பக்கத்தில் குந்தி, உன்ரை பேரென்ன பிள்ளை என்று கேட்டார். அவள் யோசித்தாள். பிறகு மிஸியைப் பார்த்து, "வள்ளம் கரைக்கு வந்திட்டுதோ?" என்றாள்.

மிஸி எழும்பினார். அவருடைய முகத்தை அப்படி நான் முன்பு கண்டதில்லை. என் காதுக்குள், அறிவு தடுமாறுது, ஈரல் தோற்றுக்கொண்டு வருகிறது, பிள்ளைத்தாச்சிக்கு இந்தச் செங்கமாரி எமன் என்றார். சம்மாட்டியாரிடம் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

அந்த நேரத்தில்தான் தாய் வழக்கம்போல ஒரு சில்வர் பேணியில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. பேணி அந்தரத்தில் நின்றது. சம்மாட்டியார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸி, நீங்கள் எங்கடை கொட்டிலுக்கு எத்தினையோ தரம் வந்திட்டியள். ஒருநாள் வாய் நனைச்சனீங்களோ? அங்காலை கயித்தைத் தொட விடுகினம் இல்லை. நீங்கள் பேணியைத் தொடுறியள் இல்லை. கிணத்தை மூடு எண்டியள். இப்ப பிள்ளையைத் தா எண்டுறியள். உங்களை நான் எதை வைச்சு நம்புறது?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கொட்டில் வாசலில் சனம் கூடிவிட்டது. ஒரு மிடறு குடியுங்கோ மிஸி, குடிச்சிட்டு பிள்ளையைத் தூக்குவம் என்று நான் அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தேன். அவருடைய கை பேணிக்குப் போனது. பேணியை வாங்கினார், குடிக்கவில்லை. தாயின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அடுப்பை மூட்டுங்கோ அம்மா. உந்தத் தண்ணியைத்தான் குடிக்கப்போறன். உந்தப் பேணியிலைதான் குடிக்கப்போறன். கொதிக்க வைச்சுத் தாங்கோ." பிறகு சம்மாட்டியாரைப் பார்த்தார். "இப்பிடியே குடிச்சால் உங்கடை மனம் ஆறும். நாளைக்கு மிஸியே குடிச்ச கிணறு எண்டு இந்தக் காணி முழுக்கக் குடிக்கும். அது நான் செய்யமாட்டன். என்ரை தாய் வீட்டிலையும் நான் இப்பிடித்தான்."

தாய்தான் முதலில் அடுப்படிக்குப் போனாள். மிஸி வாசலில் நின்றவர்களிடம், சந்தைப் பக்கம் ஓடி வெங்காயம் ஏற்றுகிற லாண்ட்மாஸ்டர் ட்ரக்டர் ஒன்றைக் கூட்டிவரச் சொன்னார். வந்து நின்றால் பிழையில்லை, போகாவிட்டால் திருப்பி அனுப்புவோம் என்றார்.

மழையில் ஊறிய பனைமட்டை. எரிக்க வைத்திருந்த பனங்கொட்டை ஊமலும் ஈரம். புகைந்ததே தவிரப் பற்றவில்லை. தாய் ஊதினாள், மிஸி ஊதினார், நானும் ஊதினேன். ஒரு மட்டை பிடித்தால் மற்றது அணைந்தது. என்னுடைய வாழ்க்கையில் அடுப்பு ஒன்றை அவ்வளவு வெறுத்ததில்லை. உள்ளே ஜெசிந்தா முனகிக்கொண்டிருந்தாள். சட்டியில் ஆவி பறந்தது. தாய் இறக்கப்போனாள்.

"உது சூடு. கொதியில்லை. குமிழி வரட்டும்" என்றார் மிஸி.

அந்தக் கணத்தில் எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளவேண்டும் போல இருந்தது. ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கிறாள், இவர் குமிழிக்குக் காத்திருக்கிறார். லாண்ட்மாஸ்டர் வந்து ஒழுங்கையில் படபடவென்று நின்றது. அந்தச் சத்தம் கேட்டு ஜெசிந்தா தலையைத் தூக்கினாள். "அப்பு, வள்ளம் வந்திட்டுது, வலையை எடுங்கோ" என்றாள். சம்மாட்டியார் அந்தக் கொட்டிலின் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீர் கொதித்தது. குமிழி குமிழியாக, எல்லோரும் காணக் கொதித்தது. தாய் பேணியில் வார்த்து, ஆறட்டும் மிஸி என்றாள். மிஸி ஆற விடவில்லை. சேலைத் தலைப்பால் பேணியைப் பிடித்து, அண்ணாந்து ஊற்ற முடியாத அந்தக் கொதிதண்ணீரை உதட்டை வைத்து உறிஞ்சிக் குடித்தார். வாய் வெந்திருக்கும். கண்ணிலிருந்து பொலபொலவென்று ஓடியது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு வெறும் பேணியைச் சம்மாட்டியாரிடம் நீட்டினார்.

அவர் அதை வாங்கிக் கீழே வைத்தார். உள்ளே போய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஜெசிந்தா பிழைத்துவிட்டாள். வயிற்றிலிருந்த பிள்ளை பிழைக்கவில்லை. பல நாள் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் யாரையும் அறியாமல் கிடந்து, பிறகு ஒருநாள் காலை தாயை அடையாளம் கண்டு அம்மா என்று கூப்பிட்டாளாம். அவர்கள் திரும்பி வருவதற்குள் சம்மாட்டியாரே கிணற்றுக்கு மருந்து போடவைத்து, பலகை அடித்து மூடி, கிட்டப் போகிறவர்களை ஏசிக் கலைத்துக்கொண்டிருந்தார். குடிதண்ணீருக்குப் பள்ளிக்கூடத்துக் கிணற்றிலிருந்து பீப்பாயில் கொண்டுவர ஏற்பாடானது. அது எங்களுக்கு முதலே தோன்றியிருக்கவேண்டும். அங்கே யாரும் கயிற்றைத் தடுக்கவில்லை. நான் தடுக்கவிட்டிருக்கவும் மாட்டேன். புதிதாகக் கண் மஞ்சளாவது குறைந்து, பிறகு நின்றது.

மிஸிக்கு நாக்கு வெந்து, கனநாளாக ஆறின கஞ்சிதான். ஒருநாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது அடக்கமுடியாமல் கேட்டேன். அன்றைக்கு அடுப்படியில் போன அந்த நேரம் இல்லாதிருந்தால் அந்தப் பிள்ளையும் தப்பியிருக்குமோ என்றேன். கேட்ட பிறகு ஏன் கேட்டேன் என்று இருந்தது. அவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு நின்றார்.

"டொக்டர் இல்லை எண்டார். அது முதலே போயிட்டுதாம். எண்டாலும் எனக்குத் தெரியாது ரீச்சர். ஒவ்வொரு நாளும் யோசிக்கிறன். பச்சையாக் குடிச்சிருந்தால் கெதியாப் போயிருக்கலாம். ஆனால் அடுத்த கொட்டிலிலையும் ஒரு பிள்ளைத்தாச்சி இருந்தவள். நீங்கள் அவளைக் காணயில்லை."

நான் காணவில்லைதான். பிறகு, தான் பயிற்சிக்கு நின்ற காலத்தில் பிரசவ வார்டில் வரிசையாக மஞ்சள் கண்களோடு கிடந்தவர்களைப் பற்றி ஒரு வசனம் சொன்னார், மேலே சொல்லவில்லை. அவருடைய பயம் எனக்கு அன்றைக்கு விளங்கியது.

அதற்குப் பிறகும் அவர் எந்த வீட்டிலும் தண்ணீர் குடிக்கவில்லை. கேள்வியையும் விடவில்லை. சம்மாட்டியார் வீட்டுக்குப் போனால் மட்டும் தாய் இவரைக் கண்டதும் அடுப்பை மூட்டுவாள்; மிஸி வேண்டாம் விறகைக் கரைக்காதேங்கோ என்று ஓடி வந்துவிடுவார். அம்மா கடைசிவரை மிஸியை மன்னிக்கவில்லை.

பிறகு தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்கிவர, எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. வீதி நிறையச் சனம், சைக்கிள், மாடு, வயோதிபர்களை இருத்திய தள்ளுவண்டி. ஓரடி எடுத்து வைத்தால் மறு அடிக்கு நிற்கவேண்டும். சனங்கள் குடையைக் கவிழ்த்து மழைநீர் பிடித்தார்கள். மழை விட்ட பிறகு வீதியோரத்து வெள்ளத்தைக் கையால் அள்ளிக் குடித்தார்கள். நாவற்குழிக்குக் கிட்ட, நிறுத்தி வைத்த தன் சைக்கிளில் சாய்ந்தபடி மிஸி தரையில் இருக்கக் கண்டேன். உதடு வெடித்திருந்தது. கூடையில் போத்தல் இல்லை. வயிற்றோட்டத்தில் துவண்ட யாரோ ஒரு குழந்தைக்குப் போத்தலோடு கொடுத்துவிட்டாராம். என்னிடமும் ஒரு சொட்டு இல்லை. பக்கத்தில் ஒருவர் மதகடித் தண்ணீரைச் செம்பில் ஏந்தி, குடியுங்கோ மிஸி, இல்லாட்டில் விழுந்துபோவியள் என்று கெஞ்சினார். மிஸி தலையை ஆட்டி மறுத்தார். பேசக்கூட அவருக்குச் சத்தம் இல்லை. ஆள் இங்கேயே முடிந்துவிடுவார் என்று நினைத்தேன்.

சனத்துக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் எங்களை நோக்கி ஒதுங்கியது. சம்மாட்டியார். பின்னால் ஜெசிந்தா, இடுப்பில் ஒரு பெண்குழந்தையோடு. வீட்டுச் சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சைக்கிள் பாரில் புகை படிந்த கேத்தில் ஒன்று, மூக்கில் துணி அடைத்துக் கட்டித் தொங்கியது. அவர் அதை அவிழ்த்து, மடியிலிருந்து அந்தச் சில்வர் பேணியை எடுத்து ஊற்றினார்.

"கொதிச்சது மிஸி. சூடாக்கினது இல்லை. வெளிக்கிட முதல் நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான்."

மிஸி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்து, பேணியை மறுபடி நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் தாங்கோ அண்ணை."

மிஸி ஒரு வீட்டில் வாய்திறந்து தண்ணீர் கேட்டதை அன்றைக்குத்தான் கண்டேன். வீடு என்று சொல்ல எங்கள் ஒருவருக்கும் அன்றைக்கு ஒரு வீடும் இருக்கவில்லை.